காப்புக் கையோடு மெட்ராஸ் போய் வந்த ராமாயி

ராமாயியிடம் "முடியாது" என்று சொல்லிப் பார்த்தவர்கள் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் நிறையப் பேர் உண்டு. சொல்லி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. பலா மூட்டையை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று மல்லுக்கு நின்ற கண்டக்டர், கடைசியில் தானே இறங்கி மூட்டைக்கு ஒரு கை கொடுத்தார். மகள் எட்டாவது முடித்தபோது, "போதும் புள்ள, மரவள்ளிக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று புத்தி சொன்ன சொந்தக்காரர்கள், அதே பெண் படித்து முடித்து மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்தபோது வெட்கமே இல்லாமல் வந்து மிட்டாய் தின்றுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரர் செங்கோடன் சண்டைக்கே வரமாட்டார். "அவ சொல்லிட்டாளா? அப்பறம் என்ன" என்பதோடு அவருடைய அபிப்பிராயம் முடிந்துவிடும். பாவம், அவரும் கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று முறை எதிர்த்துப் பார்த்தவர்தான்.

ஐம்பதைத் தாண்டியும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவள் ராமாயி. சாமை விதைப்பு, மரவள்ளிக் கிழங்கு, ஒரு கறவை மாடு, வருசத்துக்கு ஒரு மாரியாத்தா நோம்பி என்கிற திருவிழா. இவ்வளவுதான் அவள் உலகம். இந்த உலகத்துக்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே சொத்து, சென்னையில் இருந்த மகள் யமுனா.

யமுனாவுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருசம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதில்தான் தெரிந்தது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். செய்தி வந்த அன்று ராமாயி சோறு தின்னவில்லை. மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு நேரே மாரியாத்தா கோயிலுக்குப் போனாள்.

"ஆத்தா, எம் மவளை நீ பாத்துக்க. இந்த நோம்பிக்கு நான் காப்புக் கட்டி உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன்" என்று ஈரச் சேலையோடு நின்று சொல்லிவிட்டு வந்தாள். ஆபரேசனுக்கு டாக்டர் கொடுத்த தேதி, நோம்பி முடிந்து இரண்டு வாரம் கழித்து. சட்டியை எடுத்துவிட்டு, திருநீற்றை முடிந்துகொண்டு மகளிடம் போவது என்பது கணக்கு.

காப்பு என்றால் விளையாட்டில்லை. மஞ்சக் கிழங்கை மஞ்சக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டிவிட்டால், நோம்பி முடிகிற வரைக்கும் அந்த ஆள் ஆத்தாளுக்குச் சொந்தம். செருப்புப் போடக் கூடாது, கவுச்சி ஆகாது. இதையெல்லாம் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். பெரிய விதி ஒன்று உண்டு: ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விடியக் கோழி கூப்பிட்ட பிறகு கிளம்பி, மறுநாள் கோழி கூப்பிடுவதற்குள் எல்லைக்குள் வந்து தலை சாய்த்துவிட வேண்டும். தவறினால் ஊர்க்கவுண்டர் காப்பை அவிழ்த்து வாங்கிக்கொள்வார். வேண்டுதல் அத்தோடு போச்சு.

ராமாயி காப்புக் கட்டிய மறுநாள் மருமகன் சதீஷ்குமார் போன் செய்தான்.

"அத்தை, யமுனாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குதுங்க. டாக்டர் இனித் தள்ளிப்போட வேண்டாங்கறாரு. நாளன்னைக்கே ஆபரேசன்."

யமுனா போனை வாங்கினாள். அவளும் தாயைக் கொண்டவள்தான், அழமாட்டாள். ஆனால் குரல் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா. உள்ள கொண்டுபோற வரைக்கும் நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். அப்பறம் நான் பாத்துக்கறேன்."

"வாரேன் கண்ணு" என்றாள் ராமாயி. எப்படி என்று யோசிக்காமல்தான் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் மணிக்கட்டில் இருந்த மஞ்சக் கயிறு கண்ணில் பட்டது.

ஊர் கூடி யோசனை சொல்லியது. யோசனை சொல்வதற்குக் காசா பணமா! காப்பை அவிழ்த்து வைத்துவிட்டுப் போ, ஆத்தா கோவிச்சுக்கமாட்டா என்றார்கள் சிலர். போகாதே, போனில் மூஞ்சி பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள் சிலர்.

"எந்த மவளுக்காகக் காப்புக் கட்டினேனோ, அவளைப் பாக்கறதுக்கு அதை அவுக்கறதா? நல்லாருக்குதே உங்க ரோசனை! அவ நெஞ்சைத் தொறக்கிற அன்னைக்கா நான் வேண்டுதலை முறிக்கணும்? போனுல எப்படிக் கையைப் புடிக்கறது, அதையும் சொல்லுங்க" என்று பொரிந்து தள்ளினாள் ராமாயி. "ரெண்டும் நடக்கோணும். நான் போகவும் வேணும், ராத்திரிக்கு இங்க வந்து படுக்கவும் வேணும்."

ஊர்க்கவுண்டர் சின்னுசாமி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ராமாயிக்கு மாமா முறை. முறை என்று வந்துவிட்டால் சொந்த மகனுக்கும் தயவு காட்டாத மனுசர். முன்னொரு வருசம் துறையூரில் கல்யாண வீட்டில் கண்ணயர்ந்துவிட்டு விடிந்து வந்த தன் தம்பியின் காப்பையே அவிழ்த்து வாங்கியவர்.

"போயிட்டு வரலாம் புள்ள, ஆத்தா ஒண்ணும் காலைக் கட்டிப்போடல. ஆனா கோழி கூப்பிடறதுக்குள்ள எல்லைக்குள்ள இருக்கோணும். உனக்காவ ஒரு சட்டம் போட முடியாது" என்றார்.

"போடச் சொல்லலீங்க மாமா" என்றாள் ராமாயி.

வழி சொன்னவன் மணிவண்ணன். பக்கத்து வீட்டுப் பையன். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும். சொந்தமாக கார் வைத்து, வெளியூர்க்காரர்களை வாசலூர்பட்டி படகுத் துறைக்கும் அருவிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். ராமாயியைச் சின்னம்மா என்று கூப்பிடுவான். போனை நோண்டிக்கொண்டே வந்தவன், திடீரென்று துள்ளினான்.

"சின்னம்மா! திருச்சில இருந்து மெட்ராஸ் ரோட்டுல முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸுல ஆறேழு மணி நேரம். ஏரோப்ளேன்ல எவ்வளவு தெரியுமா? ஒரே மணி நேரம்!"

"ஒரு மணி நேரமா? அடப் போடா! செம்மேடு போயி ஆபீசுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர எனக்கு அரை நாள் ஆவுது."

"நெசமா சின்னம்மா. கோழி கூப்பிட்டதும் நாம கெளம்பறோம். திருச்சில நான் ஏத்தி உடறேன். மத்தியானம் மகளை உள்ள அனுப்பிப்போட்டு, சாயங்காலம் திரும்பற ப்ளேன்ல ஏறினா, ராத்திரிச் சோத்துக்கு ஊடு வந்தரலாம். நான் அங்கியே காத்துக்கிட்டு இருக்கறேன்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையில் பிறந்தவர்களுக்குத் தூரம் என்றால் மலை இறங்குவதும் ஏறுவதும்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளியில் காலை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் "கீழே". சேந்தமங்கலமும் கீழே, சேலமும் கீழே, டெல்லியும் கீழேதான். கீழே எல்லாம் சமவெளி, சமவெளியில் எல்லாம் பக்கம்! மணிவண்ணன் மலைக்கு நேரம் ஒதுக்கினான், மழை வந்தால் என்று கூடக் கொஞ்சம் ஒதுக்கினான், திருச்சிக்கு ஒதுக்கினான். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நிமிசம்கூட ஒதுக்கவில்லை. "மெட்ராஸுல எறங்கிட்டா மெட்ராஸ்தானே" என்றான். ராமாயிக்கும் அது சரியாகத்தான் பட்டது. சதீஷ்குமாரும் பதற்றத்தில் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி டிக்கெட்டைப் போட்டுவிட்டான்.

அந்த நாளும் வந்தது. கோழி கூப்பிட்டது. செங்கோடன் எல்லைக்கல் வரைக்கும் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். "யமுனாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

திருச்சி ஏர்போர்ட்டில் வெறுங்காலோடு, மஞ்சள் சேலையில், கூடையில் வாழைப்பழமும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு நின்ற ராமாயியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சோதனை செய்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரப் பெண், கையில் இருப்பதைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னாள்.

"இதை அவுக்க முடியாதுங்க கண்ணு. ஆத்தா காப்பு. வேணும்னா கையோட என்னையும் அந்த மெசினுக்குள்ள தள்ளி உடு."

அந்தப் பெண் எந்த ஊர்க்காரியோ, தமிழ் அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஆனால் மஞ்சக் கயிற்றைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. கருவியை மணிக்கட்டைச் சுற்றி ஒருமுறை காட்டிவிட்டு, "போங்கம்மா" என்றாள்.

விமானம் ஏறி, பெல்ட்டைக் கட்டி, காது அடைத்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்று முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ராமாயிக்கு ஒரு மாதிரி கோபம்கூட வந்தது. இத்தனை வருசமாக மகளை வருசத்துக்கு ஒரு முறை பார்த்து, அவள் போகும்போதெல்லாம் வேறு உலகத்துக்கே போவது போல அழுது, எல்லாம் இதற்குத்தானா! "இத்தினிதானா மெட்ராஸ்?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டாள். அவர் காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸ் பதில் சொன்னது. ஏர்போர்ட் வாசலில் ஏறிய கார், ஒரு பாலத்துக்கு அடியில் போய் நின்றது நின்றதுதான். முன்னால் பஸ், பக்கத்தில் லாரி, இண்டு இடுக்கெல்லாம் டூவீலர். சிக்னல் பச்சையாகிச் சிவப்பாகி மறுபடி பச்சையாகியது. கார் மாட்டு வண்டி வேகத்தில் நாலு அடி நகர்ந்தது. வானத்தில் திருச்சியிலிருந்து வந்த நேரத்தைவிட, ஏர்போர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் கூடுதல்.

"பறந்து வந்ததெல்லாம் இங்க நின்னு தொலைக்கத்தானா? ஏனுங்க டிரைவரு, எறங்கி நடந்தா வெசயாப் போயிரலாங்களா?" என்று கேட்டாள். டிரைவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் போகும்போதும் இதே பாதைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணிவண்ணன் போட்ட கணக்கில் எங்கே ஓட்டை என்று தெரிந்து, மனசுக்குள் அவனை நாலு வார்த்தை வைதாள்.

யமுனா கட்டிலில் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் அவள் கண் போனது காப்புக் கையில்தான்.

"அவுக்கலையாம்மா?"

"ஏன் அவுக்கறேன்? ராத்திரிக்கு ஊட்டுக்குப் போயிருவேன். ஏரோப்ளேன்ல வந்தேனாக்கும்! உங்கொப்பன் கேட்டாருன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் ராமாயி. கை சில்லென்றிருந்தது. தேய்த்துவிட்டாள்.

மத்தியானம் உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் வந்தது, ஆள் வரவில்லை. விபத்தில் அடிபட்ட ஒருத்தருக்கு அவசர ஆபரேசன் நடக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். குத்தம் சொல்ல முடியுமா? அதுவும் யாரோ பெற்ற பிள்ளை. ராமாயி பொறுத்தாள். சதீஷ்குமார் போனைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். கடைசியில் கேட்டே விட்டான்.

"அத்தை, இப்பக் கெளம்பினாத்தான் ப்ளேனைப் புடிக்க முடியுங்க. ரோட்டைப் பாத்தீங்கல்ல."

"போம்மா" என்றாள் யமுனா. "என் கையைப் புடிச்சுட்டேல்ல, அது போதும். எனக்காவக் கட்டின காப்பு. நீ போ."

ராமாயி எழுந்திருக்கவில்லை. மகள் "போ" என்கிறாள், விரல் மட்டும் விடாமல் இறுக்கிக்கொண்டிருக்கிறது. எதை நம்புவது என்று தாய்க்குத் தெரியாதா?

"கம்முனு படு. நீ உள்ள போவாம நான் போறதாச் சொன்னேனா? அந்த ப்ளேன் போனாப் போவட்டும் மாப்ளே. அதுக்கு அடுத்தது எப்பன்னு பாருங்க."

அடுத்தது இருட்டிய பிறகு இருந்தது. அதில் போனால் திருச்சியில் இறங்கி மலையேறி எல்லை சேர நடுச்சாமம் தாண்டிவிடும். ஆனாலும் கோழி கூப்பிடுவதற்கு நேரம் இருக்கும். சதீஷ்குமார் அதில் ஒரு சீட்டுப் பிடித்தான். முதல் விமானம் அவள் இல்லாமலே போனது.

வெயில் சாய்கிற நேரத்துக்குத் தள்ளுகட்டில் வந்தது. நீளமான நடை, ராமாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். கதவருகில் "இதுக்கு மேல வரக்கூடாதும்மா" என்றாள் நர்ஸ். யமுனா அண்ணாந்து பார்த்தாள். ராமாயி காப்புக் கையை மகளின் நெற்றியில் வைத்தாள். "போயிட்டு வா சாமி" என்றாள். மூக்குத்தி இல்லாத மகளின் முகம் பள்ளிக்கூடம் போகிற காலத்து முகம் போலிருந்தது. கதவு மூடியது.

அங்கேயே சுருண்டு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் இந்த விமானமும் போய்விடும்.

"அத்தை, முடியற வரைக்குமாவது இருங்களேன். இந்த நேரத்துல எப்படிங்க உட்டுட்டுப் போவீங்க?" சதீஷ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. தனியாக உட்கார்ந்திருக்க அவனுக்கும் பயம்.

"நான் இங்க உக்காந்து கதவைப் பாத்துக்கிட்டு இருந்தா டாக்டருக்கு என்ன ஒத்தாசை மாப்ளே? உள்ள போற வரைக்கும் இருக்கறேன்னு இவகிட்டச் சொன்னேன், இருந்தேன். ஆத்தாகிட்டச் சொன்னது இன்னும் பாக்கி இருக்குது. நீங்க இருக்கீங்க, தெகிரியமா இருங்க." சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொண்டு வந்த கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கால் வராது என்று அவளுக்குத் தெரியும்.

திருச்சியில் மணிவண்ணன் காத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும், "சின்னம்மா, மெட்ராஸுக்குள்ளயே அவ்வளவு தூரம் இருக்கும்னு எனக்கு யாரு சொன்னாங்க?" என்று முந்திக்கொண்டான். "வண்டியை எடுடா மொதல்ல" என்றாள். ஆபரேசன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று மருமகன் மணிவண்ணனின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். முசிறி தாண்டியதிலிருந்து மழை பிடித்துக்கொண்டது.

காரவள்ளி அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே ஒரு வளைவில் பெரிய மரம் ஒன்று மண்ணோடு சரிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். விடிந்துதான் ஆள் வந்து அறுப்பார்களாம். டீக்கடைக்காரர் தார்ப்பாய்க்கு அடியில் நின்று இதைச் சாவகாசமாகச் சொன்னார். அவருக்கென்ன, அன்றைக்கு நல்ல வியாபாரம்.

மணிவண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். "இனி ஒண்ணும் பண்ண முடியாது சின்னம்மா. வண்டியிலயே கண்ணை மூடுங்க. கவுண்டர்கிட்ட நான் வந்து சொல்றேன். மரம் உளுந்ததுக்கு நீங்களா பொறுப்பு?"

ராமாயி இருட்டில் மலையைப் பார்த்தாள். ரோடு போடுவதற்கு முன்னால் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் அன்னாசியும் சுமந்துகொண்டு மலைக்காரர்கள் இறங்கிய ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் அவளும் தன் அம்மாவோடு தலைச்சுமையாக அதில் இறங்கி ஏறியிருக்கிறாள். ரோடு எழுபது முறை வளைந்து வளைந்து போகிற இடத்துக்கு அது நெட்டுக்குத்தாக ஏறும்.

"டார்ச் இருக்குதா மணி?"

"ஐயோ! அந்தத் தடத்துல இப்ப ஆடுகூட ஏறறதில்ல. கரடி இருக்குது சின்னம்மா!"

"கரடிக்கு மழையில என்ன வேலை? அது படுத்திருக்கும். நீ வேணும்னா படு. நான் படுக்க முடியாது." கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பின்னால் வராமல் என்ன செய்வான்? வந்தான். மலைக்காரன் என்று பேர்தான். பிறந்ததிலிருந்து சக்கரத்தில் ஏறி இறங்கியவன். நூறு அடிக்கு ஒரு முறை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு ஒரு கேடா?" என்று புலம்பினான். ராமாயி ஈரப் பாறையில் கால்விரலை ஊன்றி ஊன்றி ஏறினாள். முள் குத்தியது, பிடுங்கிப் போட்டாள். முழங்காலில் ஒரு கல் சிராய்த்தது. ஓர் இடத்தில் தடமே காணவில்லை, ஓடைத் தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போயிருந்தது. வேரைப் பிடித்துத் தொங்கி ஏறினார்கள். மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்நேரம் தைத்து முடித்திருப்பார்களா? போனை எடுத்துப் பார்க்கலாமென்றால் அந்தச் சரிவில் டவர் கிடையாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று ஓர் இடத்திலும் அவள் உட்காரவில்லை, அவனையும் உட்கார விடவில்லை.

மேலே சோளக்காடு என்கிற ஊரில் தார் ரோட்டில் கால் வைத்தபோது மழை விட்டிருந்தது. அங்கிருந்து ஊர் எல்லைக்கு இன்னும் நடக்க வேண்டும். இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். எல்லைக்கல் இருக்கும் மேட்டுக்கு முந்தின வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் கோழி கூப்பிட்டது.

மணிவண்ணன் நின்றுவிட்டான். "சின்னம்மா..."

"கேட்டுது. நட."

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்க்கவுண்டர் சின்னுசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மஞ்சத் தண்ணிக் குடம்; காப்புக் கட்டினவர்கள் வெளியே போய் வந்தால் காலில் ஊற்றி உள்ளே அழைக்கிற தண்ணி. செங்கோடன் ராத்திரியெல்லாம் அங்கேயேதான் நின்றிருப்பார் போல, தலைத்துண்டு நனைந்து பிழிந்துவிடலாம் போலிருந்தது. மனைவியைப் பார்த்ததும் ஓர் எட்டு முன்னால் வந்தார். கவுண்டர் கையை நீட்டித் தடுத்தார்.

ராமாயி கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றாள். மூச்சு வாங்கியது. முழங்காலிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"கோழி கூப்பிட்டிருச்சு புள்ள" என்றார் சின்னுசாமி. அவர் குரலிலும் சந்தோசம் இல்லை. "வெளியில ராத்தங்கிட்டியே. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

"தங்கலீங்க மாமா." அவள் தலை குனியவில்லை. "எம் மவகிட்ட நான் தங்கல. அடிவாரத்துல தங்கல. தடத்துல ஒரு பாறை மேல குத்த வெக்கக்கூட இல்ல. வந்துக்கிட்டேதானுங்க இருந்தேன்."

கவுண்டர் அவள் காலைப் பார்த்தார், மணிவண்ணனைப் பார்த்தார். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தான். தம்பி காப்பையே அவிழ்த்த கை கிழவருடையது. இன்றைக்கு இவளை விட்டுவிட்டால் நாளைக்கு ஊர் கேட்கும். அந்த நேரத்தில் மணிவண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது.

சதீஷ்குமார். மணிவண்ணன் ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினான்.

"அத்தை! ராத்திரியெல்லாம் கூப்பிட்டேன், லைனே போகலீங்க. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்க. இப்பத்தான் கண்ணு முழிச்சா. சித்த நேரம் உள்ள உட்டாங்க."

ராமாயிக்கு அதுவரை கட்டி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கோடன் மாரியாத்தா கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பேச முடியலீங்க அவளுக்கு. மொள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டா. அம்மா ஊடு போய்ச் சேந்துட்டாங்களான்னு. நான் என்ன சொல்லட்டுங்க அத்தை? வாசல்லயே நிக்கறேன், மறுக்கா உள்ள போயிச் சொல்லோணும்."

ராமாயி போனைப் பிடித்தபடி நின்றாள். கால்விரல் நுனிக்கு ஒரு சாண் முன்னால் எல்லைக்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து சின்னுசாமியைப் பார்த்தாள்.

"மவ கேக்கறாங்க மாமா. நான் பொய் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க, நான் வந்து சேந்துட்டேனா?"

கிழவர் கம்பளியைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கல்லைத் தாண்டி வந்து, அவள் கையிலிருந்த போனை வாங்கினார்.

"மாப்ளே, நான் சின்னுசாமி பேசறேன். உங்கத்தை நேத்து ராத்திரியே எல்லைக்குள்ள வந்துட்டான்னு புள்ளகிட்டச் சொல்லு. ஊர்க்கவுண்டன் சொன்னேன்னு சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குனிந்து குடத்தை எடுத்து ராமாயியின் காலில் மஞ்சத் தண்ணியை ஊற்றினார். காயத்தில் பட்டுச் சுரீரென்று எரிந்தது.

"மெதுவா ஊத்துங்க மாமா" என்று அழுதுகொண்டே அதட்டிவிட்டு, ராமாயி உள்ளே போனாள்.